பெடாஸுக்குக் கொண்டுபோன சட்டை

தட்டைக் கீழே வைக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பொன்னம்மாள் அதைப் பார்த்தாள், மகன் பெயரை ஒரு முறை சொன்னாள், வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

பெடாஸுக்கு வெளியே, ரப்பர் மரங்கள் முடிந்து மரவள்ளிக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் அவர்களுடைய அத்தாப்பு ஓலைக் குடிசை இருந்தது. நான் இடுப்பில் குழந்தையும் கையில் பித்தளைத் தட்டுமாக நின்றேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, மடித்து வைத்த ஒரு சட்டை. வெள்ளைத் துணி, மார்பின் குறுக்கே பச்சைப் பட்டை.

அழுகை பக்கத்துக் குடிசைகளுக்குக் கேட்டது. இரண்டு பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தாங்களும் அழத் தொடங்கினார்கள். என் குழந்தையும் வீறிட்டது. நான் ஏதோ சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

நான் சாவுச் செய்தி கொண்டுபோகவில்லை. பொன்னம்மாளின் கணவரைப் பந்து உதைக்கக் கூப்பிடப் போயிருந்தேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கணவர் லாரியில் ஏறியதை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓர் அம்மாள் கடிதம் போட்டிருக்கிறார். நடந்தது நடந்துவிட்டது, சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கிளறலாமா என்று கேட்கிறார். அவர் சொல்வதுதான் சரியோ என்று இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. பிள்ளைக்கு இருமல் வேறு. இப்போது நெஞ்சில் தைலம் தடவிப் படுக்க வைத்திருக்கிறேன். மூச்சு சீராக வருகிறதா என்று நடுநடுவே எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோர்வை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் ரந்தாவுக்கு அருகே செம்பாறைத் தோட்டத்தில் சின்னக் கிராணி. ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. தோட்டத்துப் பந்துச் சங்கத்தின் காரியதரிசியும் அவர்தான், கோல் காப்பதும் அவர்தான். மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, தோட்டத்து ஆண்களோடு அவரையும் ஏற்றிப்போனார்கள். மூன்று மாதம் என்றார்கள். அப்போது பிள்ளை என் வயிற்றில்.

முதல் உதை

செம்பாறையில் மாரியம்மன் திருவிழா பங்குனியில் வரும். இரண்டாம் நாள் மாலை பக்கத்துத் தோட்டத்தோடு பந்தாட்டம். முதல் உதையைத் துரை உதைப்பதில்லை, கங்காணி உதைப்பதில்லை. சங்கத்துக்காக ஆடியவர்களில் உயிரோடு இருக்கும் மூத்தவர் யாரோ அவர்தான் உதைக்க வேண்டும்.

அவர் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் போவார்கள். சங்கத்துச் சட்டையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, உறுமி மேளம் முன்னால் போக, வீட்டு வாசலில் நின்று அழைப்பார்கள். அந்தச் சட்டை அதன் பிறகு அவருடையது. கொடுத்த சட்டையைச் சங்கம் திரும்ப வாங்காது. அவர் காலமானால் அதைப் போர்த்தித்தான் எடுத்துப்போவார்கள். அடுத்த மூத்தவருக்குப் புதுச் சட்டை.

கல்யாணமாகி வந்த முதல் வருடம் நான் அதைப் பார்த்தேன். அப்போது அடைக்கலம் என்பவர் மூத்தவர். பல்லில்லாத கிழவர், வேட்டிமேல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஓங்கி உதைத்தார். பந்து எங்கோ பக்கவாட்டில், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போயிற்று. அவர் மல்லாந்து விழுந்தார். இரண்டு அணிக்காரர்களும் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்த, விழுந்ததை மறந்துவிட்டு, "கோலா?" என்று கேட்டார். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "கோல்ல நிக்கிறவன் ஓடறதே இல்ல. அதனால எனக்குத்தான் ஆயுசு கூட. ஒருநாள் அந்தச் சட்ட எனக்கு வரும் பாரு" என்றார். புதுப்பெண் என்பதால் பதில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் அடைக்கலம் கால் வீங்கிச் செத்துப்போனார். வெறும் மரவள்ளிக் கிழங்கையே தின்று பலருக்கு அப்படி வீங்கியது. அவரைச் சட்டை போர்த்தித்தான் எடுத்தோம்.

அடுத்த பங்குனி வந்தபோது அணி என்று சொல்ல ஆளே இல்லை. பாதிப் பேர் சயாமில். மிச்சம் பேர் பகலில் காட்டுக்குள் ஒளிந்திருந்தார்கள். ஆட்டம் வேண்டாம், பூசையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார் பூசாரி. பெண்கள்தான் விடவில்லை. ஆட்டம் இல்லாவிட்டாலும் முதல் உதை உண்டு என்றார்கள். அதுவும் நின்றுவிட்டால் இனி ஆட ஆள் வரமாட்டார்கள் என்று நாமே சொன்னதுபோல ஆகிவிடும் என்றாள் ஒருத்தி. அவள் வீட்டில் மூன்று பேர் போயிருந்தார்கள். பூசாரியும் சரி என்றார்.

கங்காணி கேட்ட இரண்டு

பெரிய கங்காணி வீராசாமி என் வீட்டுக்கு வந்தார். காலில் ஆறாத புண், வாழை இலை வைத்துக் கட்டியிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தேடிப்போக ஆம்பளைங்க இல்ல கிராணியம்மா. ரோட்டுல தல தெரிஞ்சா புடிச்சிர்றான். நீங்க கைப்புள்ளையோட போனா வுட்ருவான். பழைய ஆட்டக்காரங்க எங்கெங்க இருக்காங்கன்னு ஐயா உங்ககிட்ட சொல்லியிருப்பாரே."

சொல்லியிருந்தார். பந்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். அடைக்கலத்துக்கு அடுத்து ரந்தாவில் ஒருவர், அவருக்கு அடுத்து மம்பாவில் ஒருவர், அதற்கடுத்து பெடாஸில், நடுவில் நின்று ஆடிய செண்டர் கருப்பன் என்று வரிசையாகச் சொல்வார். எனக்கு அது அப்படியே மனப்பாடம்.

கங்காணி போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சட்டை ஒன்று வேண்டுமே என்றார்.

அந்த நாளில் துணி என்பதே கிடையாது. சாக்குப் பையைக் கிழித்துத் தைத்து உடுத்தினார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே சேலை. ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். சங்கத்துச் சட்டைகளைப் போட்டே ரப்பர் பால் வெட்டி, எல்லாம் கந்தலாகிவிட்டன. முழுசாக இருந்தது என் கணவருடையது மட்டும். அவர் அதை எடுத்துப்போகவில்லை. வந்து ஆடுவதற்கு வேண்டும் என்று பெட்டியில் வைத்துவிட்டுப் போனார்.

அதைத்தான் நான் தொட்டிலில் விரித்துப் பிள்ளையைப் போட்டிருந்தேன். பிள்ளை அப்பாவைப் பார்த்ததில்லை. வாசனையாவது தெரியட்டும் என்று ஓர் அசட்டு நினைப்பு. தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த அந்த வாசனை போய் வெகுநாள் ஆகியிருந்தது. இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

திரும்பி வர வேண்டியவரின் சட்டை. அதை இன்னொருவருக்குக் கொடுத்தால், அதுவும் திரும்ப வாங்கக் கூடாத முறையில் கொடுத்தால், அவர் வரமாட்டார் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகாதா? ஒருநாள் தவணை கேட்டேன். என் கணவர் இருந்தால் கேட்ட உடனே கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். இருந்தால் என்று நினைத்ததற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் சேலையில் கிழித்துத் தைத்துவிடலாமா என்று பார்த்தேன். இருந்ததே இரண்டு, இரண்டும் நைந்தவை. கொடுக்காவிட்டால் முதல் உதை நின்றுபோகும். நின்றதற்குக் காரணம் நான் என்று மூன்று பேரை அனுப்பியவள் நினைப்பாள்.

மறுநாள் அடுப்புச் சாம்பல் போட்டுத் துவைத்துக் காயவைத்தேன். பிள்ளை தொட்டிலில் சட்டை இல்லாமலேயே தூங்கினாள். அது எனக்கு ஏனோ ஆறுதலாக இல்லை.

ரந்தாவ், மம்பாவ்

ரந்தாவுக்கு நடந்தே போனேன். நான் தேடிப்போனவர் இரண்டு மாதத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வீடு பூட்டியிருந்தது.

மம்பாவுக்கு விறகு வண்டியில் இடம் கிடைத்தது. வண்டிக்காரர் பெயர் சம்பந்தம். வழியில் காவல் நின்ற ஜப்பான்காரனுக்கு இறங்கிக் குனிந்து கும்பிட்டோம். அவன் குழந்தையின் கன்னத்தைத் தொட்டான். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிட்டான்.

மம்பாவில் இருந்தவர் ஓய்வுபெற்ற கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல உயரம், இடது முழங்கால் வெளிப்பக்கம் வளைந்திருக்கும் என்று என் கணவர் அடையாளம் சொல்லியிருந்தார். அந்த உயரமும் அந்த முழங்காலும் வந்து கதவைத் திறந்தன. விஷயத்தைச் சொன்னேன்.

"நீர் ஆள் மாறி வந்திட்டீர், பிள்ளை. நான் பந்தே தொட்டதில்லை" என்றார்.

யார் யார் ஆடினார்கள் என்று இப்போது எதற்கு விசாரிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆண்களின் பெயரை யாராவது கேட்டாலே பயப்படும் காலம் அது. என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, குழந்தைக்கு என்று ஒரு துண்டு வெல்லம் கொடுத்தார். அதன் பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். திரும்பும் வழியெல்லாம் சம்பந்தம் அந்த முழங்காலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

மிச்சம் இருந்தவர் பொன்னம்மாளின் கணவர், செண்டர் கருப்பன். சம்பந்தம் பெடாஸுக்கு வண்டி ஓட்டும் வரை மூன்று நாள் காத்திருந்தேன்.

பொன்னம்மாள் கேட்டது

மற்ற இரண்டு இடங்களிலும் சட்டை பைக்குள்தான் இருந்தது. பெடாஸில் குடிசை தெரிந்ததும் சம்பந்தம், முறைப்படி தட்டில் வைத்து எடுத்துப் போங்கள் அம்மா என்றார். முறை தெரியாத படித்தவள் என்று பெயர் வந்துவிடுமோ என்று நானும் வெற்றிலை பரப்பி, சட்டையை மடித்து வைத்தேன். மேளம் மட்டும் இல்லை. உறுமிக்காரர் சயாமில் இருந்தார்.

மேளம் இல்லாமல் அந்தத் தட்டு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. அப்போது சயாமிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் அங்கொருவர் இங்கொருவராக வந்துகொண்டிருந்தார்கள். கூடப் போனவன் செத்திருந்தால், அவன் சட்டையையோ துண்டையோ மடித்துக் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார்கள். வாயால் சொல்ல வேண்டியதில்லை. மடித்த ஆண்துணி வாசலுக்கு வந்தால் போதும், வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

கருப்பனின் மகன் ராசு சயாமில் இருந்தான். அதை வண்டியிலிருந்து இறங்கிய பிறகுதான் நான் அறிந்தேன், பொன்னம்மாளின் வாயால்.

அழுகை கேட்டு மரவள்ளிக் கொல்லையிலிருந்து கருப்பன் வந்தார். கையில் மண்வெட்டி. எலும்பும் தோலுமாக இருந்தார். மனைவியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பச்சைப் பட்டையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அடி, ஏந்திரி. இது ராசுது இல்ல. நம்ம சங்கத்துச் சட்ட" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, "அடைக்கலம் போய்ட்டாரா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ரந்தாவ்காரரும் போய்விட்டார் என்றேன். மம்பாவ் கதையையும் சொன்னேன். "அவனா? அந்த வளஞ்ச முட்டியாலயே பந்த தள்ளுவான். தொட்டதில்லன்னா சொன்னான்?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது.

பொன்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழுகை நின்ற இடத்தில் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். "புள்ளைங்கள அள்ளிக் குடுத்துட்டு இருக்கோம். உங்களுக்குப் பந்து ஒதைக்க ஆளு வேணுமா?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தட்டின் அருகே வந்து சட்டையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல துணியா இருக்கே. யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"எங்க அவரு?"

"சயாமுலதான்."

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது.

"தாலியோடதானம்மா இருக்கீங்க. எப்படிக் குடுக்க மனசு வந்துச்சு?"

வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. குழந்தையைத் தூக்கி மறுபக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கருப்பன்தான் பேசினார். "நான் வர்றேன் கிராணியம்மா. போட்டுக்கிட்டு ஒதைக்கிறேன். ஒதைச்சதும் கழட்டி உங்க கையிலயே குடுத்துர்றேன். ஐயா வந்து போட்டுக்கட்டும். என் கட்டைக்கு ஒரு சாக்கு போதும்."

வரும்போது வண்டியில் எனக்கு மனம் லேசாக இருந்தது. முறை இருக்கட்டும், சட்டை திரும்பி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

மைதானம்

மைதானத்தில் முக்கால் பங்கு சர்க்கரைவள்ளிக் கொடி படர்ந்திருந்தது. ஒரு கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் வெற்றிடம். பந்தும் இல்லை. ஸ்டோரில் கிடந்த ரப்பர் கழிவை உருட்டிச் சேர்த்துப் புகையில் காட்டி ஒரு பந்து செய்திருந்தார்கள். கருப்பாக, கல் கனத்தில் இருந்தது. புகை நாற்றம் அடித்தது.

கருப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். என் கணவர் அகன்ற தோள்காரர். கிழவர் மேல் அது தொளதொளவென்று தொங்கியது. நான் பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில், தலை தெரியாமல், சட்டை மட்டும் நடந்து வருவதுபோல ஒரு கணம் தோன்றியது.

பூசாரி பந்துக்குக் குங்குமம் வைத்தார். கங்காணி, முன்பெல்லாம் என் கணவர் செய்ததுபோல, கருப்பன் எந்த இடத்தில் ஆடினார், எந்தத் தோட்டத்துக்கு எதிராகக் கோல் போட்டார் என்று சொல்லி, சங்கத்தின் மூத்தவர் என்று மூன்று முறை உரக்கச் சொன்னார். கைதட்ட ஆண்கள் இல்லை. பெண்கள் குலவை போட்டார்கள். கருப்பன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வெறுங்காலால் உதைத்தார். பந்து சற்றே உருண்டு, கோட்டைத் தாண்டாமல் நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. காவலுக்கு யாரும் இல்லாத கோல் அது.

சொன்ன சொல்லைக் கருப்பன் காப்பாற்றினார். அங்கேயே சட்டையைக் கழற்றினார். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. கழற்றியதைக் கவனமாக நான்காக மடித்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எல்லோரும் பார்க்க, என்னை நோக்கி நடந்து வந்தார்.

சங்கம் கொடுத்தது திரும்பாது என்று கங்காணி மெல்லச் சொன்னார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாக் கண்களும் என் மேல் இருந்தன.

நான் மடிப்பைப் பார்த்தேன். ஓர் ஆண்துணி, மடித்து, என் கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெடாஸ் வாசலில் பொன்னம்மாள் பார்த்தது எதுவோ அதையே நான் பார்த்தேன். வாங்கினால் அதற்கு என்ன பொருள் என்று அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். வாங்காவிட்டால் என் கணவருடைய சட்டை இனி அவருக்கு இல்லை. கையை நீட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. நல்லவேளை, கையில் குழந்தை இருந்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.

கருப்பன் அதை மறுபடியும் விரித்து அங்கேயே போட்டுக்கொண்டார். பெண்கள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அது நிம்மதியா, இரக்கமா, தெரியாது. எது சரி என்று எத்தனையோ பேரிடம் பிறகு கேட்டுப் பார்த்துவிட்டேன். வாங்கியிருக்க வேண்டும் என்று பாதிப் பேர், வாங்காததே நல்லது என்று பாதிப் பேர்.

ஆறுமுகம்

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து, அரிசி கண்ணில் படத் தொடங்கிய பிறகு ஆறுமுகம் வந்தான். என் கணவரோடு அதே லாரியில் ஏறியவன். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றான். கையில் எதுவும் இல்லை. அதைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

"ஐயாவோட துணி ஒண்ணும் கொண்டார முடியலம்மா. கட்டியிருந்ததோட எரிச்சிட்டாங்க" என்றான்.

பேதிக் காய்ச்சல் என்றான். பக்கத்து வீட்டார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அழவில்லை. அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"நம்ம திருவிழாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

என் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். அவன் மட்டும் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்துப் பார்த்தான்.

"அங்க மாசி ஏது, பங்குனி ஏதும்மா. நாள் கெழம ஒண்ணும் தெரியாது. எந்நேரமும் மழ. ஒரு மழையில போனாரு."

முன்னால் என்றால், நான் சட்டையைத் துவைத்துக் காயவைத்தபோதே அவர் இல்லை. நான் கொடுத்ததால் எதுவும் ஆகவில்லை. பின்னால் என்றால்? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

வேறு எதையும் நான் அவனிடம் இன்றுவரை கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாரா, பக்கத்தில் யார் இருந்தார்கள், பிள்ளை பிறந்திருக்கும் என்று எப்போதாவது கணக்குப் போட்டுப் பார்த்தாரா. இதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆறுமுகம் இப்போது மம்பாவில் இருக்கிறான். பஸ்ஸில் போனால் அரைமணி நேரம்கூட ஆகாது.